ஒரு கோப்பைக் காப்பியின் கணக்கு

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து கப்பச்சினோ குடித்தால் ஏறத்தாழ 4 யூரோ ஆகும். கணக்குக்கு வசதியாக 1 யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆக, 400 ரூபாய். அந்தக் கோப்பைக்குள் போன கொட்டை எத்தியோப்பியாவில் விளைந்திருக்கலாம், பிரேசிலில், வியத்நாமில், ஏன், நம் ஏற்காட்டில்கூட விளைந்திருக்கலாம். ஜெர்மனியில் மட்டும் விளைந்திருக்க முடியாது. விளைவித்தவருக்கு இந்த 400-ல் எவ்வளவு போய்ச் சேரும்? உலகமயமாக்கல், வளர்ந்த நாடு, வளரும் நாடு என்று பெரிய பெரிய சொற்களில் பேசுகிறோமே, அதெல்லாம் இந்தச் சின்னக் கேள்விக்குள் இருக்கிறது. டீயோ காப்பியோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமாகப் போட்டுப் பார்ப்போம்.

மரத்திலிருந்து பறிப்பது சிவந்த பழம். தோலும் சதையும் நீக்கி, களத்தில் காயவைத்து, உள்தோலையும் எடுத்தால் கிடைப்பது பச்சைக் கொட்டை. ஏறத்தாழ 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ பச்சைக் கொட்டை தேறும். கப்பலில் போவது இதுதான். வறுக்கும்போது ஈரம் போய் ஒரு கிலோ கொட்டை 830 கிராமாக இறங்கிவிடும். ஒரு கோப்பைக்கு 10 கிராம் தூள் என்றால் ஒரு கிலோ பச்சைக் கொட்டையில் 83 கோப்பை. 2025-ல் காப்பி விலை உச்சத்தில் இருந்தது. அந்த உயர்ந்த விலையையே எடுத்துக்கொள்வோம்: பச்சைக் கொட்டை கிலோ 600 ரூபாய். 83-ஆல் வகுத்தால் கோப்பைக்கு 7 ரூபாய் சொச்சம்.

அந்த 7 ரூபாய்க்குப் பின்னால் ஏறக்குறைய 50 பழம் இருக்கிறது. ஒவ்வொன்றும் கையால் பறித்தது. அந்த 7 ரூபாயும் முழுதாகப் பறித்தவர் கைக்குப் போவதில்லை. உலர்த்தும் இடம், லாரி, துறைமுகம், ஏற்றுமதியாளர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த இடத்தில் அநேகமாக எல்லோருக்கும் ஒரே எண்ணம் தோன்றும்: மீதி 393 ரூபாயை நடுவில் யாரோ அடித்துக்கொண்டு போகிறார்கள். நெடுங்காலம் நானும் அப்படித்தான் நினைத்தேன். பன்னாட்டுக் கம்பெனி ஒன்று தராசில் ஏமாற்றுகிறது, அதைப் பிடித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று. கொஞ்சம் பொறுங்கள். அந்த 393-ஐயும் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் வரி. கடையில் உட்கார்ந்து குடிக்கும் பானத்துக்கு ஜெர்மனியில் 19 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி. 400 ரூபாய்க்குள் அது ஏறத்தாழ 64 ரூபாய். கொட்டைக்குப் போனதைப் போல ஒன்பது மடங்கு. அடுத்தது கூலி. 2025-ல் அங்கே சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ, அதாவது நிமிடத்துக்கு 21 ரூபாய். பால் நுரைத்துக் கோப்பையை நீட்டும் பெண்ணுக்கு இரண்டு நிமிட வேலை என்றால் 42 ரூபாய். கோப்பை கழுவுகிறவர், கணக்குப் பார்க்கிறவர், வாடிக்கையாளர் வராத நேரத்திலும் நின்றுகொண்டிருக்க வேண்டியவர் என்று இதைப் பெருக்கிக்கொள்ளுங்கள். பிறகு கடை வாடகை, பால், மின்சாரம், வறுத்து அரைத்துத் தந்த ஆலையின் பங்கு, கடை முதலாளியின் பங்கு. பெரிய வறுப்பாலைகள் நல்ல லாபம் பார்க்கின்றன என்பது உண்மை. ஆனால் 393-ல் பெரும் பகுதி ஒருவர் பையில் இல்லை. ஹாம்பர்க்கில் வேலை செய்பவர்களுக்கும் ஹாம்பர்க்கில் நிற்கும் கட்டடத்துக்கும் ஜெர்மன் அரசுக்கும் அது பிரிந்து போயிருக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. கொட்டையின் விலையை நாளையே இரண்டு மடங்காக்கினாலும் கோப்பை 400-லிருந்து 407 ஆகும், அவ்வளவுதான். குடிப்பவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆகவே விவசாயிக்குக் கூடுதலாகக் கொடுத்தால் காப்பியே குடிக்க முடியாமல் போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்னொன்று இதைவிடக் கசப்பானது. இரண்டு மடங்கு வாங்கிய பிறகும் விளைவித்த நாட்டின் பங்கு 407-ல் 14 ரூபாய்தான். நல்ல விலை தேவைதான், அது மட்டும் போதாது. கொட்டை எடை போடப்பட்ட பிறகு நடக்கும் வேலை ஏறக்குறைய முழுவதும் வேறு நாட்டில் நடக்கிறது. ஏற்றத்தாழ்வு உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான்.

சரி, பால் நுரைக்கும் பெண்ணின் ஒரு நிமிடம் ஏன் 21 ரூபாய்? பழம் பறிப்பவரைவிட அவர் கெட்டிக்காரர் என்பதாலா? இல்லை. சரிவான மலையில் பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிப்பது லேசான வேலை இல்லை. ஹாம்பர்க்கில் பெரிய துறைமுகம் இருக்கிறது, ஏர்பஸ் விமானத் தொழிற்சாலை இருக்கிறது, வங்கிகளும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. இவையெல்லாம் ஆள் வேண்டும் என்று நிற்கும் ஊரில் காப்பிக் கடைக்காரர் குறைந்த கூலிக்கு ஆள் தேட முடியாது. சட்டமும் விடாது. நம் பக்கத்திலேயே இதைப் பார்த்திருக்கிறோம். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பெருகியபோது சுற்றுவட்டக் கிராமங்களில் களையெடுக்கும் கூலியும் சேர்ந்து ஏறியது. களையெடுப்பவரின் கைக்கு அதற்காகத் திறமை கூடிவிடவில்லை. அவரைக் கூப்பிட இன்னொரு வாசல் திறந்தது. தெற்கு எத்தியோப்பியாவின் காப்பி மலைகளில் அந்த இன்னொரு வாசல் மிகக் குறைவு.

அப்படியானால் அங்கேயே வறுத்து, அரைத்து, பாக்கெட் போட்டு அனுப்ப வேண்டியதுதானே? நியாயமான கேள்வி. முதல் தடை கொட்டையின் இயல்பு. பச்சைக் கொட்டையைப் பக்குவமாக வைத்தால் ஓராண்டு தாங்கும். வறுத்தது சில வாரங்களில் மணம் இழக்கத் தொடங்கும். காப்பித்தூள் வாங்கி வந்ததும் நம் அம்மாக்கள் டப்பாவை இறுக மூடியது இதற்காகத்தான். இரண்டாவது தடை கலவை. ஜெர்மன் வறுப்பாலை பிரேசில், வியத்நாம், கொலம்பியா, எத்தியோப்பியா என்று பல நாட்டுக் கொட்டைகளைச் சேர்த்து, ஆண்டுதோறும் ஒரே சுவை வரும்படி கலக்கிறது. ஒரு நாட்டில் மழை பொய்த்தால் இன்னொரு நாட்டுக் கொட்டையைக் கூட்டிக்கொள்ளும். ஹாம்பர்க், பிரேமன் துறைமுகக் கிடங்குகளில் எல்லா நாட்டுக் கொட்டையும் அடுக்கி வைத்திருக்கும். அடிஸ் அபாபாவில் எத்தியோப்பியக் கொட்டை மட்டும்தான்.

மூன்றாவது தடை சுங்கம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பச்சைக் கொட்டை வரி இல்லாமல் நுழையும். அதையே வறுத்து அனுப்பினால் பொதுவான சுங்கம் 7.5 விழுக்காடு. நெல்லாகக் கொண்டுவந்தால் வா, அரிசியாக்கிக் கொண்டுவந்தால் வாசலில் பணம் கட்டு என்பது போல. கேட்டவுடன் கோபம் வரும், வர வேண்டியதுதான். ஆனால் எத்தியோப்பியா போன்ற மிகவும் ஏழை நாடுகளுக்கு இந்தச் சுங்கம் தள்ளுபடி. அப்படியும் அங்கிருந்து வறுத்த காப்பி பெருவாரியாகப் போகவில்லை. ஆகவே சுங்கத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். கடை அலமாரியில் இடம் பிடிக்க, மக்கள் மனதில் ஒரு பெயரைப் பதியவைக்க, பல ஆண்டு நஷ்டத்தைத் தாங்க முதல் வேண்டும். அந்த முதல் யாரிடம் ஏற்கெனவே இருக்கிறதோ அவரிடமே வறுக்கும் வேலையும் தங்குகிறது. ஒரு காப்பிச் செடிகூட இல்லாத ஜெர்மனி உலகின் பெரிய காப்பி ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக இருப்பது இப்படித்தான். வறுப்பதில் காசு இருக்கிறது என்பது அங்கே பழைய ஞானம். 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரஷ்ய மன்னர் பிரெடரிக், அனுமதியில்லாதவர்கள் காப்பி வறுக்கக் கூடாது என்று தடை போட்டு, தெருத் தெருவாக வறுவல் மணத்தை மோப்பம் பிடிக்க ஆள் வைத்திருந்தார்.

வறுக்க முடியவில்லை என்றால் இன்னும் அதிகமாக விளைவித்துப் பிழைக்கலாமே? ஒரு விவசாயிக்கு இது சரியான யோசனை. எல்லா விவசாயிக்கும் சேர்த்துத் தவறான யோசனை. ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி விலை ஏறிய ஆண்டைப் பார்த்து எல்லோரும் தக்காளி நட்டால் அடுத்த முறை என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். தக்காளியாவது சில மாதப் பயிர், விலை விழுந்தால் உழுதுவிட்டு வேறு போடலாம். காப்பிச் செடி காய்க்கவே 3, 4 ஆண்டு ஆகும். பிறகு இருபது, முப்பது ஆண்டு நின்று காய்க்கும். விலை ஏறியிருந்தபோது நட்டவர்கள் எல்லோருடைய செடியும் ஒன்றாகக் காய்க்கும் காலத்தில் விலை படுத்திருக்கும். செடியைப் பிடுங்கவும் மனம் வராது.

விலை பாதியானதும் உலகம் இரண்டு மடங்கு காப்பி குடித்துவிடாது. வருமானம் இரட்டித்தாலும் அப்படித்தான். ஒருவர் குடிக்கும் கோப்பைகளுக்கு ஓர் எல்லை உண்டு, ஆனால் அவர் வாங்கும் கார், செல்பேசி, மருந்து, சுற்றுலா பெருகிக்கொண்டே போகும். ஆகவே விளைபொருளை விற்று இயந்திரம் வாங்கும் நாடு காலப்போக்கில் அதே இயந்திரத்துக்கு மேலும் மேலும் மூட்டை கொடுக்க வேண்டிவரும் என்று அர்ஜென்டினாவின் ராவுல் பிரெபிஷும் ஹான்ஸ் சிங்கர் என்ற பொருளியலறிஞரும் 1950 வாக்கில் தனித்தனியாகச் சொன்னார்கள். ஒவ்வொரு ஆண்டும் அப்படியே நடக்கும் என்றில்லை. நெடிய ஓட்டத்தைப் பார்க்க இன்றும் பயன்படும் கண்ணாடி அது.

இந்தச் சிக்கலுக்கு உலகம் ஒருமுறை விடை கண்டுபிடித்திருந்தது. அது இப்போது பலருக்கு நினைவில் இல்லை. அதற்கு முன் பிரேசில் தனியாளாக ஒன்றைச் செய்து பார்த்தது: 1931 முதல் 1944 வரை 7 கோடியே 80 லட்சம் மூட்டைக் காப்பியை எரித்தும் கடலில் கொட்டியும் அழித்தது. ஒருவர் மட்டும் அழித்தால் மற்றவர்கள் நடுவார்கள். அதனால் 1962-ல் விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்து சர்வதேசக் காப்பி ஒப்பந்தம் போட்டன. எந்த நாடு எத்தனை மூட்டை ஏற்றலாம் என்று அளவு வைத்தார்கள். ஏரியில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவோமே, அதே ஏற்பாடு. எல்லோரும் ஒரே நேரத்தில் மடை திறந்தால் கடைமடையும் கெடும், தலைமடையும் கெடும்.

பணக்கார நாடுகள் ஏன் ஒத்துக்கொண்டன? 1959-ல் கியூபாவில் புரட்சி நடந்திருந்தது. லத்தீன் அமெரிக்காவின் காப்பி விவசாயி பட்டினி கிடந்தால் அவரும் அந்தப் பக்கம் போய்விடுவார் என்ற பயம் அமெரிக்காவுக்கு. பனிப்போர் தணிந்ததும் பயம் போயிற்று, பயம் போனதும் ஒப்பந்தத்தில் அக்கறையும் போயிற்று. 1989 ஜூலையில் அளவு முறை முறிந்தது. அதே ஆண்டு நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. 1988-ல் இருந்த உலக விலை நான்கே ஆண்டில் பாதிக்கும் கீழே போனது.

வியத்நாமின் கதை வருவது இங்கேதான். 1986-ல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட அந்த நாடு நடு மேட்டுநிலத்தில் ரொபஸ்டா வகைக் காப்பி நட்டது. 1990 வாக்கில் உலகச் சந்தையில் சிறு விற்பனையாளர். 2000 வாக்கில் கொலம்பியாவைத் தாண்டி இரண்டாவது இடம். வியத்நாமைக் குறை சொல்லக் கூடாது. போரில் நொறுங்கிய நாடு, கிடைத்த வாசல் வழியாக வறுமையிலிருந்து வெளியே வந்தது. உலகமயமாக்கல் கொடுக்கவே இல்லை என்று சொல்பவர்கள் வியத்நாமைப் பார்க்க வேண்டும். அது கொடுத்தது எல்லோருக்கும் என்று சொல்பவர்கள் அதே ஆண்டுகளின் நிகரகுவாவையும் எத்தியோப்பியாவையும் பார்க்க வேண்டும். சந்தையில் காப்பி குவிந்ததில், 2001-ல் ஒரு பவுண்டு பச்சைக் கொட்டை 45 அமெரிக்க சென்ட் அளவுக்கு, அதாவது கிலோ 1 டாலருக்கு விழுந்தது. மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் பழம் பறிக்கக் கூலி கட்டாமல் மரத்திலேயே விட்டார்கள். நம் கோப்பைக் கணக்கில் போட்டால் கொட்டையின் பங்கு 1 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

சர்வதேசக் காப்பி அமைப்பு அப்போது வெளியிட்ட இரண்டு கணக்குகள் என் மனதில் ஆணி அடித்தது போல நிற்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்கச் சில்லறையில் விற்ற காப்பியின் மதிப்பு சுமார் 3,000 கோடி டாலர். அதில் விளைவித்த நாடுகளுக்கு வந்தது 1,000 முதல் 1,200 கோடி. பத்தாண்டு கழித்துச் சில்லறை மதிப்பு 7,000 கோடிக்கு மேல். விளைவித்த நாடுகளுக்கு 550 கோடி. பானை இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாயிற்று. இவர்கள் அகப்பையில் வந்தது பாதியாயிற்று.

இதில் ஆபத்தும் ஒருபக்கமாகவே விழுகிறது. மழையும் பனியும் நோயும் விளைவிப்பவர் பாடு. வாங்குபவர் நாட்டை மாற்றிக்கொள்வார். தமிழர்களுக்கு இது சொந்த வரலாறு. இலங்கை மலையகத்துக்கு நம்மவர்கள் முதலில் நடந்து போனது தேயிலைக்காக இல்லை, காப்பிக்காக. 1869-ல் இலைத்துரு நோய் வந்து, இருபது ஆண்டுக்குள் அங்கே காப்பியே அழிந்தது. வாங்குபவர்களுக்கு பிரேசில் இருந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு வேறு எதுவும் இல்லை. அதே லயங்களில் (வரிசைக் குடியிருப்புகளில்) தேயிலைக் கூலிகளானார்கள்.

யாரும் எதிர்த்து நிற்கவில்லையா என்று கேட்பீர்கள். நின்றார்கள். எத்தியோப்பியா 2005-ல் சிடாமோ, ஹரார், யிர்கச்செஃபே என்ற தன் ஊர்களின் பெயர்களை அமெரிக்காவில் வணிகப் பெயராகப் பதிவு செய்யக் கேட்டது. மதுரை மல்லி என்று சொன்னால் விலை கூடுகிறதல்லவா, அந்தக் கூடுதல் மதுரைக்குத்தானே வர வேண்டும் என்கிற நியாயம். அமெரிக்கக் காப்பி வணிகர் சங்கம் எதிர்த்தது. உலகம் முழுக்கப் பேச்சாகி, 2007-ல் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் எத்தியோப்பியாவோடு உடன்பாடு செய்துகொண்டது. விலையைக் கூட்டச் சொல்லிக் கெஞ்சாமல், பெயர் என்ற மேல்தட்டு வேலையில் ஒரு துண்டைத் தன் நாட்டுக்கு இழுத்த முயற்சி இது. எனக்குத் தெரிந்தவற்றில் இதுவே சரியான திசை.

கடைசியாக ஒன்று. முன்பு பார்த்த மதிப்புக் கூட்டு வரி தவிர, ஜெர்மனியில் காப்பிக்கென்றே தனி வரி இருக்கிறது: வறுத்த காப்பி கிலோவுக்கு 2.19 யூரோ. 2001-ல் உலக விலை கிலோ 1 டாலருக்கு விழுந்தபோது இந்த வரி அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2 டாலர். அதாவது எத்தியோப்பிய விவசாயியும் கூலியாளும் லாரிக்காரரும் ஏற்றுமதியாளரும் சேர்ந்து பெற்றதைவிட, அந்தக் காப்பி தன் எல்லைக்குள் குடிக்கப்பட்டதற்காக ஜெர்மன் அரசு அதிகம் பெற்றது. ஆண்டுக்குச் சுமார் 100 கோடி யூரோ இப்படி வசூலாகிறது. விவசாயிக்கு நியாய விலை கொடுத்து வாங்கிய காப்பிக்கு மட்டுமாவது இந்த வரியை நீக்கலாம் என்று அந்நாட்டு வளர்ச்சித் துறை அமைச்சராக இருந்த கெர்ட் முல்லர் யோசனை சொன்னார். அது சட்டமாகவில்லை.